செம்மறிக்கு எட்டாத இலை

பங்குனிக் கடைசியில் சமயநல்லூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு வயலில் பார்க்க ஒன்றும் இருக்காது. அறுப்பு முடிந்து வெகுநாளாகியிருக்கும். வரப்பு வெடித்து, தாள் காய்ந்து கிடக்கும். வைக்கோலையும் இயந்திரத்தால் உருட்டிக் கட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருப்பார்கள். பச்சை என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அது அண்ணாந்து பார்க்கும் இடத்தில்தான். வாய்க்கால் கரை வேம்பில், வீட்டு வேலிக் கொடுக்காப்புளியில், கண்மாய்க்குள் நிற்கும் கருவேலத்தில். குனிந்து மேய்கிற செம்மறிக்கு இது பசிக்காலம். அதன் பசி தீர்க்கக்கூடிய தீவனமோ தலைக்கு ஆறடி மேலே காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்த இலை கீழே இறங்குகிறதா, இறங்கினால் யாருக்குப் போகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மதுரை அரப்பாளையத்தில் திண்டுக்கல் வண்டி ஏறினால் விளாங்குடி, பரவை தாண்டிச் சமயநல்லூர். ஒரு ஊர் முடிந்து வயல் தொடங்க வேண்டிய இடத்தில் இப்போது அடுத்த ஊர் தொடங்கிவிடுகிறது. நாற்கரச் சாலை போட்டபோது பழைய சாலையோர மரங்களும் போய்விட்டன. பரவைக் காய்கறி மார்க்கெட் பக்கம் கொட்டிக் கிடந்த கோஸ் தழையிலும் வாழை இலையிலும் வெள்ளாடுகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன. வாகனம் வந்தால் ஒதுங்கின, போனதும் திரும்பின. செம்மறி ஒன்றுகூட அங்கே இல்லை. வெள்ளாடு ஊரோடு ஒட்டிப் பிழைத்துக்கொள்ளும். செம்மறிக்குத் தரை வேண்டும், தரையில் புல் வேண்டும், கூட்டமாக நடக்க இடம் வேண்டும்.

மாநிலக் கணக்கும் இதையே சொல்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் செம்மறி சுமார் 48 லட்சம், வெள்ளாடு சுமார் 81 லட்சம். 2019 கணக்கெடுப்பில் செம்மறி 45 லட்சமாகக் குறைந்தது, வெள்ளாடு 99 லட்சத்தை நெருங்கியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்துக்கும் இந்த ஏற்றத்தில் பங்கு இருக்கலாம். ஆனாலும் மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க, எதையும் எட்டிக் கடிக்கிற விலங்கு நிலைத்து நிற்பதும், குனிந்தே மேய்கிற விலங்கு பின்தங்குவதும் இயல்புதானே.

சமயநல்லூரில் இறங்கித் தேனூர்ச் சாலையில் திரும்பினால் கொஞ்சம் வெளி கிடைக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் விழா முன்பு இந்தத் தேனூரில்தான் நடந்தது என்றும், திருமலை நாயக்கர் அதை மதுரைக்கு மாற்றினார் என்றும் இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஊர் சனமெல்லாம் கூடி மகிழ்கிற அந்தச் சித்திரை மாதம் ஆட்டுக்காரர்களுக்கு ஆண்டிலேயே கடினமான மாதம். மதுரைச் சமவெளிக்கு ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து முடிந்துவிடும். முல்லைப் பெரியாறு தண்ணீர் பேரணையிலிருந்து பிரிந்து வருவதால், கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அந்த நெல் அறுத்த தாளடியில் மாசி வரைக்கும் ஆடு பிழைக்கும். அதற்குப் பிறகு அடுத்த மழை வரைக்கும் ஆட்டுக்காரர் சாமர்த்தியம்.

வாய்க்கால் கரை வேப்ப நிழலில் ஒரு மந்தை படுத்திருந்தது. தோளில் தொரட்டியோடு ஒரு பெரியவர் நின்றார்.

"அய்யாவுக்கு எந்த ஊரு?"

"ராமநாதபுரம் பக்கம், தம்பி. தை அறுப்பு ஆனதும் கிடை போட வந்தோம். இன்னும் கொஞ்ச நாள்ல அங்கிட்டுத் திரும்பணும்."

கிடை என்பது இந்தப் பக்கத்து வயல்களுக்குப் பழகிய ஏற்பாடு. இரவில் ஆட்டை வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு. அதற்கு வயல்காரர் கூலி தருவார். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்று பழமொழியே உண்டு. வயலுக்கு உரம் தருகிற ஆட்டுக்கு வயல் திருப்பித் தருவது தாளும் வரப்புப் புல்லும்தான். அதுவும் தீர்ந்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வெள்ளாட்டுக்கு முன்னங்காலு ரெண்டும் கை, தம்பி. மரத்துல ஊனி நின்டு எட்டிக் கடிச்சிரும். செம்பிலி குனிஞ்ச தலை நிமிராது. அதுக்கு நாமதான் கொப்பு ஒடிச்சுப் போடணும்."

செம்மறியைத்தான் செம்பிலி என்றார். சொல்லிவிட்டு நடந்து, பக்கத்துக் கருவேலத்தில் தொரட்டியை மாட்டி இழுத்தார். கொப்பு முறியும் சத்தம் கேட்டதுதான் தாமதம், படுத்திருந்த மந்தை முழுதும் எழுந்து ஓடி வந்தது. அதுவரை அசையாமல் கிடந்த கிழட்டு ஆடுகூடக் குட்டிகளை இடித்துக்கொண்டு வந்தது. முதலில் நெற்றைப் பொறுக்கின. சாம்பல் பூத்த, மணி மணியாக இடை சிறுத்த அந்த நெற்று வாயில் நொறுங்குவது நின்ற இடத்தில் கேட்டது. நெற்று தீர்ந்த பிறகே இலைக்கு வந்தன. முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து, பொடி இலையை மட்டும் உருவி எடுத்தன. கொப்பு சில நிமிடங்களில் வெறும் முள்ளாகிவிட்டது.

"இன்னொரு கொப்பு இழுக்கலாமே?"

"இழுக்கலாம். ஆளு வந்துருவாக. கருவேலத்துல கை வச்சா ஏலம் எடுத்தவுக கேப்பாக. வேம்புல கை வச்சா ஊருக்காரவுக கேப்பாக. தோப்புக்காரவுக மரம் தோப்புக்காரவுகளுக்கு. எங்களுக்குன்னு ஒரு மரம் எங்க இருக்கு, சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் அந்த ஒரு கொப்பு ஆட்டின் வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

செம்மறியின் முதல் இரைப்பைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் காய்ந்த புல்லையும் உடைத்துச் சத்தாக்குவது அவைதான். அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும், அது தீவனத்தின் புரதத்திலிருந்து கிடைக்கிறது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். தீவனத்தில் புரதம் ஏழெட்டுப் பங்குக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும், செரிமானம் மந்தமாகும், ஆடு தின்னும் அளவே குறைந்துவிடும். வயிறு நிறைந்திருக்கும், உடம்பு வற்றும். கோடையில் விலா எலும்பு தெரிகிற ஆடுகள் பல இப்படி வைக்கோல் தின்றே மெலிந்தவை.

மர இலையில் புரதம் தாராளம். ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் அகத்தியிலும் சவுண்டலிலும் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை, கருவேல இலையிலும் வேம்பிலும் 12 முதல் 15 பங்கு வரை. வெறுஞ்சோற்றுக்குக் குழம்பு போல, கொஞ்சம் இலை சேர்ந்தால் போதும். அது தானே சத்துத் தருவதோடு, வைக்கோலையும் செரிக்க வைக்கிறது. அதனால்தான் மர இலையைத் துணைத் தீவனம் என்கிறார்கள். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளுக்குச் சுமார் மூன்று கிலோ பசுந்தீவனம் வேண்டும். அதில் ஒரு கிலோ மர இலையாக இருந்தால் கோடை கடந்துவிடும்.

எந்த ஆட்டுக்கு முதலில் போடுவது என்பதும் முக்கியம். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அந்த ஆறு வாரமும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் காலமும், கிடாய் சேர்ப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரமும் இலை கட்டாயம். கையில் இருப்பது குறைச்சல் என்றால் மந்தை முழுவதற்கும் பிரித்துத் தூவுவதைவிடச் சினை ஆட்டையும் பால் ஆட்டையும் தனியே பிரித்துப் போடுவதே கணக்கு.

தேனூரைத் தாண்டினால் பச்சை கூடுகிறது. தென்னை, வாழை, பிறகு சோழவந்தான் கொடிக்கால்கள். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வெற்றிலையைத் தாங்கி நிற்கிற மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெயில் சட்டென்று குறைகிறது. ஒல்லியாக, நேராக, வரிசை பிடித்து நிற்பவை எல்லாம் அகத்தி. முதலில் அகத்தியை விதைத்து, அது எழும்பிய பிறகே வெற்றிலைக் கொடியை நடுகிறார்கள். கொடி ஏறுவதற்காக ஆளுயரம் வரை பக்கக் கிளையைக் கழித்துவிடுவார்கள். நான்கு மீட்டர் போனதும் நுனியை வெட்டுவார்கள். நிழல் கூடினால் கழிப்பு, குறைந்தால் விடுப்பு. ஆக, கொடிக்கால் இருக்கும் வரை அகத்தித் தழை விழுந்துகொண்டே இருக்கும்.

விழுகிற தழையை என்ன செய்கிறீர்கள் என்று, கொடி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"வெட்டிப்போட்டா ஒரு மணி நேரம் கிடக்காதுண்ணே. ஆடு வச்சிருக்கவுக கட்டிக்கிட்டுப் போயிருவாக. அமாவாசைன்னா மதுரைக்குப் போயிரும், மாட்டுக்குக் குடுக்க."

ஆடு என்றால் செம்மறியா என்றேன். சிரித்தார். "வீட்டு வெள்ளாடுதான். செம்பிலி வச்சிருக்கவுக எங்க இங்க வாறாக, அவுக காட்டுல கிடப்பாக."

அடிப்படை உண்மை அந்தச் சிரிப்பில் இருக்கிறது. சமயநல்லூருக்கும் சோழவந்தானுக்கும் இடையே சில மைல் தூரம்தான். ஒரு முனையில் செம்மறி காய்ந்த தாளைத் தின்று மெலிகிறது, மறுமுனையில் தமிழ்நாட்டின் மிகச் சத்துள்ள மரத் தழைகளில் ஒன்று வாரந்தோறும் வெட்டி விழுகிறது. இரண்டையும் இணைக்க ஒரு சைக்கிள் போதும். ஆனால் செம்மறி புல் மேய்வது, இலை வெள்ளாட்டுக்கு என்ற பழக்கம் நடுவே நிற்கிறது.

அகத்தித் தழையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, பூச்சி மருந்து அடித்த கொடிக்காலா, அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்காமல் தழையைத் தொடக் கூடாது. இரண்டாவது, தீவனத்துக்கென்றே அகத்தி வளர்ப்பவர்கள் அதை மொட்டையடித்துவிடக் கூடாது. சவுண்டலை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் தழையும். அகத்தியை அப்படி வெட்டினால் பட்டுப்போகும். விதைத்து எட்டு மாதம் கழித்து முதல் வெட்டு, பிறகு 60 முதல் 80 நாளுக்கு ஒரு வெட்டு என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு.

சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டிப் பக்கம் ஏறும் வழியில், கொட்டில் போட்டுச் செம்மறி வளர்க்கிற ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தைப் பார்த்தேன். வேலியில் ஒரு வரிசை சவுண்டல், ஒரு வரிசை கிளைரிசிடியா. சவுண்டல் விதைத்தது, கிளைரிசிடியா போத்து, அதாவது கிளைத்துண்டு, நட்டு வந்தது. கட்டுக் கட்டாகக் கட்டி, ஆட்டின் தாடை உயரத்துக்குக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். தரையில் போட்டால் மிதித்துப் பாழாக்கும், மூத்திரம் பட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது என்றார். தொங்குகிற கட்டில் ஆடுகள் இலையை மட்டும் இழுத்து இழுத்து உருவின. காம்பும் குச்சியும் கயிற்றிலேயே நின்றன. அந்தக் குச்சி அடுப்புக்கு.

கிளைரிசிடியாவுக்கு ஒரு வாடை உண்டு. புதிதாக வெட்டிப் போட்டால் பழக்கமில்லாத ஆடு மோந்துவிட்டு விலகும். சாயங்காலம் வெட்டி இரவெல்லாம் வாடவிட்டுக் காலையில் போட்டால் வாடை குறையும், தின்னும். முதலில் தின்னப் பழகிய ஓர் ஆட்டை நடுவே கட்டிவைத்தால் மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். எந்தப் புதுத் தழையையும் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இரைப்பை நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும்.

சவுண்டலுக்கு வேறு கதை. சூபாபுல் என்று வேளாண் அதிகாரிகள் சொல்கிற இந்த மரத்தின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. ஆடு ஆசையாகத் தின்னும், வேகமாகத் தழையும். ஆனால் இலையில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அளவு மீறினால் முடி கொட்டும், எச்சில் ஒழுகும், தைராய்டு சுரப்பி வீங்கும். ஆஸ்திரேலியாவில் இந்த மரத்தை மேய்ந்த மாடுகள் நோயில் விழுந்தபோது, ஹவாய்த் தீவில் அதே மரத்தைத் தின்கிற வெள்ளாடுகள் நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி கவனித்தார். வித்தியாசம் மரத்தில் இல்லை, வயிற்று நுண்ணுயிரில் இருக்கிறது என்று கருதி, ஹவாய் ஆட்டின் இரைப்பை நுண்ணுயிரை ஆஸ்திரேலியக் கால்நடைக்குச் செலுத்திப் பார்த்தார். நச்சு முறிந்தது. அந்த நுண்ணுயிருக்கு 1992-இல் அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள். நம் ஊர் ஆட்டுக்காரருக்கு இதிலிருந்து வேண்டியது எளிய விதி ஒன்றுதான். பசுந்தீவனத்தில் சவுண்டல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

இந்தத் தோட்டத்துக் கணக்கை எல்லோரும் போட்டுப் பார்க்கலாம். மானாவாரியில் இரண்டு ஆண்டு வளர்ந்த சவுண்டல் எக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன் வரை தழை தரும் என்கிறார்கள். 10 சென்ட்டுக்கு ஒன்றரை டன்னுக்குமேல் வருகிறது. பத்து ஆட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோ வீதம் கோடையின் நாலு மாதத்துக்கு வேண்டியது 1,200 கிலோ. வெயிலில் தழைவு குறையும் என்பதால் இன்னொரு 10 சென்ட் கூட்டினாலும், அதைத் தனி நிலமாக ஒதுக்க வேண்டியதில்லை. வேலியும் வரப்பும் போதும்.

வழியெல்லாம் கூடவே வருகிற இன்னொரு மரத்தைச் சொல்லாமல் விட முடியாது. சீமைக்கருவேலம். கோடையில் இங்கே பச்சையாக நிற்பதில் பாதி அதுதான். ஆடு பெரும்பாலும் அதன் இலையில் வாய் வைக்காது. இனிப்பான நெற்றை மட்டும் தின்னும், விதை வெளியே வந்து அடுத்த புதரை உண்டாக்கும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது இயந்திரங்கள் கண்மாய் கண்மாயாக இறங்கின. பிடுங்கிய இடத்தில் எதை நடுவது என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் பின்னுக்குப் போனது. நடாத இடத்தில் அதுவே திரும்ப முளைத்தது.

அதன் நாட்டு உறவு நம்மிடமே இருக்கிறது. வன்னி. கோவிலில் சுற்றிக் கும்பிடுகிறோம், விஜயதசமிக்குத் தேடுகிறோம். ராஜஸ்தானில் இதே மரத்துக்குப் பெயர் கேஜ்ரி. 1730-இல் கேஜர்லி கிராமத்தில் அந்த மரத்தைக் காக்கப் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். அங்கே குளிர்காலத் தொடக்கத்தில் கேஜ்ரிக் கிளையைக் கழித்து, இலையை உலர்த்திச் சேமித்து, செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வைக்கிறார்கள். காய்ந்த இலைக்கு லூங் என்று தனிப் பெயரும் விலையும் உண்டு. நார்வேயில் பனிக்காலத்துக்காகக் கோடையிலேயே இலைக் கொப்புகளைக் கட்டுக் கட்டாக உலர்த்தி வைத்தார்கள். செம்மறிக்கு இலை கொடுக்கச் சொல்லி ரோமானியரான காட்டோ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். செம்மறி இலை தின்னாது என்பது நம் பகுதி நினைப்பு மட்டுமே. மழைக்காலத்தில் மிஞ்சும் தழையை நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவைத்தால் சித்திரைக்கு உதவும். அதை இங்கே செய்வார் அதிகம் இல்லை.

பயணத்தின் கடைசி ஊர் கச்சைகட்டி. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் பெயரில் ஒரு செம்மறி இனமே இருக்கிறது. கச்சைகட்டிக் கருப்பு. நாட்டின் பதிவு பெற்ற செம்மறி இனங்களில் அதுவும் ஒன்று. உடம்பெல்லாம் கருப்பு, கிடாய்க்கு முறுக்கிய கொம்பு. கிடாய் முட்டுக்குப் பேர்போனது. முட்டுக்கு வளர்க்கிற கிடாயின் தீவனத்தைக் கேட்டால் மனுசருக்கே பொறாமை வரும். ஊறவைத்த கொண்டைக்கடலை, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்று தட்டு நிறைய வைக்கிறார்கள். குட்டி ஈன்று இனத்தை வளர்க்கிற பெட்டை ஆடு அதே ஊரின் கரட்டு ஓரம் காய்ந்த புல்லில் மூக்கை உரசிக்கொண்டிருக்கும். ஓர் இனத்தைக் காப்பது என்றால் கிடாயின் கொம்பைக் காப்பது மட்டும் அல்லவே. பெட்டை பருவத்துக்கு வர வேண்டும், சினை நிற்க வேண்டும், பால் சுரக்க வேண்டும். இதற்கெல்லாம் கொண்டைக்கடலை வேண்டாம். சாயங்காலம் பட்டிக்குத் திரும்பியதும் ஆட்டுக்கொரு சிறு கட்டுத் தழை போதும்.

ஊர் எல்லையில் சந்தித்த ஒருவர் அதைச் செய்துகொண்டிருந்தார். மாலையில் பட்டி வாசலில் கொடுக்காப்புளிக் கொப்பும், பூவரசுத் தழையும், கொஞ்சம் வேம்பும் கலந்து தொங்கவிட்டார். ஒரே இலையாகப் போட்டால் திகட்டும், துவர்ப்பும் கூடும் என்றார். துவர்ப்பு அளவோடு இருந்தால் நல்லது, குடற்புழுவின் கொட்டம் அடங்கும். மிஞ்சினால் புரதத்தைக் கட்டிப்போட்டுவிடும். படிக்காத அனுபவமும் படித்த அறிவியலும் அங்கே ஒரே கயிற்றில் தொங்கின. மழை வந்து புதுப்புல் முளைத்ததும் இலையைச் சட்டென்று நிறுத்திவிடுவதில்லையாம். வெறும் வயிற்றோடு இளம்புல்லில் விட்டால் துள்ளுமாரி நோய் வந்து நல்ல கொழுத்த குட்டியே முதலில் விழும். அதற்குத் தடுப்பூசி மழைக்கு முன்னே, இலை மழைக்குப் பிறகும் கொஞ்ச நாள். அவர் முறை இது.

இப்போது வாய்க்கால் கரைப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். எங்களுக்குன்னு ஒரு மரம் எங்க இருக்கு?

கால்நடைத் துறைக் கையேடு எதைப் புரட்டினாலும், வேலியில் சவுண்டல் நடுங்கள், வரப்பில் அகத்தி நடுங்கள் என்றிருக்கும். நல்ல யோசனை. வேலியும் வரப்பும் உள்ளவருக்கு. செம்மறி வளர்ப்பவர்களில் பலருக்கு மந்தை உண்டு, மண் கிடையாது. அவர்கள் ஆடு மேய்ந்த மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும் ஒவ்வொன்றாக மனையாகவும் கட்டடமாகவும் மாறின. அவர்களுக்கு மரம் நடச் சொல்வதற்கு முன் நிலம் எது என்று சொல்ல வேண்டும்.

நிலம் இல்லாமல் இல்லை. 1981-இல் சுவீடன் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது, கண்மாய் உள்வாய்களில் கருவேலம் பரவலாக நடப்பட்டது. விறகுக்கு என்று நட்டார்கள். வருமானம் ஊராட்சிக்கும் அரசுக்கும் போனது. அந்த மரத்தின் நெற்றும் இலையும் ஆட்டுக்குத் தீவனம் என்பது திட்டத்தின் ஓரத்தில் இருந்த லாபம், உரிமை அல்ல. அதனால்தான் இன்றைக்கும் தொரட்டி மாட்டினால் ஏலம் எடுத்தவர் வந்து நிற்கிறார்.

பெரியாறு வாய்க்கால் கரைகள், கண்மாய்க் கரையின் வெளிப்புறம், சீமைக்கருவேலம் பிடுங்கிய பள்ளங்கள், நாற்கரச் சாலையின் ஓரம், எல்லாம் பொது நிலம்தான். அங்கே எப்படியும் மரம் நடத்தான் போகிறார்கள். நடுகிற கன்றில் வேம்பும் வாகையும் பூவரசும் கருவேலமும் கொடுக்காப்புளியும் சேரட்டும். சவுண்டல் விதை சிதறிப் பரவக்கூடியது என்பதால் அதைத் தோட்ட வேலியோடு நிறுத்திக்கொள்ளலாம். மரத்தை ஏலம் விடும்போது விறகையும் தடியையும் ஏலம் விடட்டும். பங்குனி முதல் ஆனி வரை நெற்று உலுப்பவும், மரம் கெடாத அளவுக்குக் கொப்பு கழிக்கவும், அந்த ஊர்ப் பட்டிக்காரருக்கும் கிடை போட வருகிறவருக்கும் உரிமை உண்டு என்று ஊராட்சி ஒரு தீர்மானம் எழுதினால் போதும். செலவு ஒன்றும் இல்லை. அளவோடு கழித்த மரம் பட்டுப்போகாது, அடுத்த மழைக்கு இன்னும் தழைக்கும்.

சொந்த நிலம் உள்ளவர்கள் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆடி மழைக்கு வேலியில் நாலு போத்து ஊன்றுங்கள், ஐப்பசிக்கு வரப்பில் அகத்தி விதையுங்கள். கொடிக்கால் வைத்திருப்பவர்கள் கழிக்கிற தழையில் ஒரு கட்டைச் செம்மறிக்காரருக்கும் ஒதுக்குங்கள், பதிலுக்கு ஓர் இரவு கிடை கேளுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் அடுத்த முறை மரக்கன்று விழா நடந்தால், என்ன கன்று என்று முடிவு செய்யும் முன் ஆடு மேய்க்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.